நீலம் ஆயிட்டீங்களா?

எங்கள் கடைத்தெருவில் அந்த ஒரு மாதம் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவில்லை. "நீலம் ஆயிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். கேட்டவர் தன் மோதிரத்தை நீட்டுவார். பதில் சொல்பவரும் நீட்டுவார். இரண்டு கல்லும் நீலமாக இருந்தால் இருவரும் ஞானிகள். கருப்பாக இருந்தால், ஐயோ பாவம், தீண்டாமல் நகர்ந்து போவார்கள்.

விடுமுறைக் காலம். தெருவே தலைதெறிக்க ஓடியது. துணிக்கடைக்காரர் பில் போட்டபடியே தூங்கினார். பேக்கரி முதலாளியான நானோ, வாடிக்கையாளரிடம் கேக்குக்குப் பதிலாக என் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தனுப்பினேன். அவர் திருப்பிக் கொண்டுவந்தபோது அவரையே திட்டினேன். இப்படிப்பட்ட மகா புத்திசாலியைத் தேடித்தான் நிதானம் ஐயா வந்தார்.

வியாபாரிகள் சங்கக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஐயாவுக்கு வெள்ளை உடை, வெண்ணெய் மாதிரி குரல். ஆவி பறக்கும் வெந்நீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடிதான் எப்போதும் பேசுவார். "அவசரப்படாதீங்க. கல்லைப் பாருங்க. மனசு அடங்கினா நீலம். கலங்கினா கருப்பு. ஒரு கருத்த மனசு இருந்தா போதும், மொத்தக் கடையும் நாசம்" என்றார். தன் மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார். பளிச்சென்று நீலம். கூடமே "ஆகா" என்றது. அதில் உரக்கச் சொன்ன "ஆகா" என்னுடையது.

அவசரப்படாமல் இருப்பதற்கான மோதிரத்தை வாங்க முண்டியடித்ததில் என் சட்டைப் பொத்தான் இரண்டு போயின. கடையில் எல்லோருக்கும் ஒன்று வாங்கினேன். என் மனைவி மட்டும், "உங்களுக்குக் கோபம் வந்திருக்குன்னு தெரிய கல்லு எதுக்கு? பக்கத்துத் தெருவுக்கே கேட்குமே" என்றாள். அவளுக்கு ஆன்மிகம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கல் பேச ஆரம்பித்தது. ஓவன் மாஸ்டர் காலையிலிருந்து ட்ரேயைத் தூக்கி எறிந்தார், மாவு மூட்டையை உதைத்தார், மூட்டையின் பரம்பரையையே திட்டினார். மோதிரம்? ஆழ்ந்த நீலம்! 'வெளியேதான் சத்தம், உள்ளே மகான்' என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரே பயந்துபோனார்.

குளிர் ரூமில் கேக்குக்குப் பூ வைக்கும் க்ரீம் அக்கா ஆறு வருஷமாக ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. நான் கத்தும்போதுகூட, "சரிங்க முதலாளி, முதல்ல தண்ணி குடிங்க" என்பார். அவர் மோதிரம் கருப்பு. மறுநாளும் கருப்பு. மூன்றாம் நாள் அட்டக் கருப்பு.

ஓடினேன் ஐயாவிடம். அவர் கண்ணை மூடி, குவளையைத் தடவி, "அந்தம்மாவை சீசன் முடியிறவரைக்கும் விலக்கி வைங்க. இல்லேன்னா என் மூணு நாள் முகாமுக்கு அனுப்புங்க" என்றார். முகாம் கட்டணத்தைக் கேட்டதும் விலக்கி வைப்பதே ஆன்மிகமாக எனக்குப் பட்டது.

அக்காவிடம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

"முதலாளி, இந்த ஒரு மாச வேலையை நம்பித்தான் என் பொண்ணை ஹாஸ்டல்ல விட்டிருக்கேன். இப்ப நிறுத்தினா அவ படிப்பை விட்டுட்டு வந்துடணும். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க செய்யலக்கா. உங்க மனசு செஞ்சிருக்கு. கல்லு சொல்லுது."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு, "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. மாஸ்டரை என் ரூம்ல நிக்கச் சொல்லுங்க. நான் ஓவன்கிட்ட நிக்கிறேன்" என்றார்.

நின்றார்கள். ஐந்தாவது நிமிஷம் அக்கா கையில் நீலம். உள்ளே மாஸ்டர் கத்தினார்: "முதலாளி! எனக்குக் கருப்பாயிடுச்சு! நான் யாரையும் திட்டக்கூட இல்லையே!"

அக்கா மோதிரத்தைக் கழற்றி, அப்போதுதான் ஓவனிலிருந்து வந்த பன் மேல் வைத்தார். கல் நீலமாகி ஜொலித்தது.

"பாத்துக்குங்க முதலாளி, பன்னுக்கு ஞானம் வந்துடுச்சு. கல்லுக்குத் தெரியிறது சூடு மட்டுந்தான். என் கை நாள் முழுக்க க்ரீம் கிண்ணத்துல கிடக்கு, சில்லுன்னு இருக்கு. அதுக்கு என் மனசு என்ன பண்ணும்?"

நியாயமாக நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். செய்யவில்லை. "ஐயாகிட்ட இதுக்கு ஏதாவது விளக்கம் இருக்கும்" என்று இழுத்தேன். மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "அப்போ வாங்க, அந்த விளக்கத்தை நேர்லயே கேட்டுடலாம்" என்றாள்.

அன்று மாலைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நன்றியுரை என்னுடையது. மனைவி சொல்லிக்கொடுத்தபடி, அக்கா செய்து தந்த ஐஸ் கேக்கை, வெறும் எவர்சில்வர் டப்பாவில் வைத்து, நினைவுப் பரிசாக ஐயாவிடம் நீட்டினேன். குவளையை என் மனைவி மரியாதையாக வாங்கிக்கொண்டாள். "போட்டோ எடுக்கிறாங்க, நான் பேசி முடிக்கிறவரை அப்படியே பிடிச்சிட்டிருங்க ஐயா" என்றேன்.

பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, நிறுத்தாமல் பேசுவது. அவர் நடையைப் புகழ்ந்தேன், உடையைப் புகழ்ந்தேன், செருப்பைக்கூட விடவில்லை. ஐயா டப்பாவைக் கை மாற்றினார். கால் மாற்றினார். பத்தாவது நிமிஷம் முன்வரிசையில் துணிக்கடைக்காரர் விழித்துக்கொண்டார்.

"ஐயா... உங்க மோதிரம்!"

கருப்பு. தார் ரோடு கருப்பு.

"யோவ், கையே விறைச்சுப் போச்சுய்யா! குளிருக்குக் கருப்பாகாம வேற என்னய்யா ஆகும்?" என்று வெண்ணெய்க் குரல் வெடித்தது. டப்பா தரையில் உருண்டது. தான் என்ன சொன்னோம் என்பது ஐயாவுக்குப் புரிவதற்குள் கூடத்துக்கே புரிந்துவிட்டது. மேடையின் பின்வாசல் வழியாக ஐயா போன வேகத்துக்கு நிதானம் என்று பேர் வைக்க முடியாது. மோதிரம் விற்ற அவருடைய ஆட்களின் மேஜையைச் சூழ்ந்துகொண்டு ஜனங்கள் பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். இந்த முறையும் முண்டியடித்துத்தான்.

கூட்டம் கலைந்ததும், கூடத்தின் பின்வரிசையில் நின்றிருந்த அக்காவிடம் போனேன். "நாளைக்கு வந்துடுங்கக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

"வர்றேன் முதலாளி. வேலை வேணுமே." கேக் சிதறிய தரையை என்னோடு சேர்ந்து துடைத்தபடியே சொன்னார்: "ஆறு வருஷமா உங்க எதிர்லதான் நிக்கிறேன். நான் எப்படிப்பட்டவள்னு உங்களுக்குத் தெரியாதா? கல்லுகிட்டயா கேட்டீங்க?"

அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் காலை துணிக்கடைக்காரர் ஓடி வந்தார். "விஷயம் தெரியுமா? பக்கத்து ஊர்ல ஒருத்தர் வந்திருக்காராம். கல்லெல்லாம் இல்லியாம், கயிறாம். கயிறுன்னா சூட்டுல நிறம் மாறாது பாருங்க!" என்றார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்க என் வாய் பாதி திறந்துவிட்டது. கொஞ்சம் சூடு பட்டால் கல்லுக்கே நிறம் மாறுகிறது. யோசிக்கத் தலை இருந்தும் மாறாத நமக்குத்தான் சூடும் இல்லை, சொரணையும் இல்லை.