சாமிக்கு நேர்ந்த தோள்முடி

தோளில் முளைத்த முடிக்குக் காவல் இருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பவர்லூம். திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கால் உடைந்து படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர். நகரியில் தறி ஓட்டுகிறவர். அவர் குறட்டைக்கு வார்டே அதிரும் என்பதாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

தறி மோட்டாரின் பெல்ட், சட்டையோடு சேர்த்துத் தோளையும் இழுத்து, எலும்பு தெரியச் சதையைப் பிய்த்துவிட்டிருந்தது. உறவினர்கள் எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் செய்யும் புத்தூர் கட்டுக்குத் தூக்கிப்போகப் பார்த்தார்கள்.

"எலும்பு மட்டும் ஒடஞ்சிருந்தா புத்தூரு. சதையே காணோம், எத்தைப் புடிச்சிக் கட்டுவாங்க?" என்று அவர்தான் வண்டியைத் திருப்பச் சொன்னாராம்.

முதுகுத் தசை ஒன்றைத் தோலோடு, ரத்தக்குழாய் அறுபடாமல் திருப்பிக் கொண்டுவந்து, தோளை மூடினார் டாக்டர். "இது பிடிச்சா கை நிக்கும். கறுத்துப்போச்சுன்னா கையை எடுக்கணும்" என்றார். பவர்லூம் உடனே ஏழுமலையானுக்கு முடி வேண்டிக்கொண்டார்.

ஒட்டு பிடித்தது. வார்டின் நிம்மதி போயிற்று. இருமினால் அந்தத் தசை சுருங்கும்; அது இப்போது தோளில் இருந்ததால் தோள் துள்ளியது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இருமிக் காட்டினார். என்னைப் பார்க்க வந்த என் மாமியார், கொண்டுவந்த ஆரஞ்சை அவரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அந்தத் தோலில் முடி முளைத்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸ் மழிக்கப் போனார்.

"வேணாம் சிஸ்டர், அது சாமி முடி."

"தலைமுடிதானே வேண்டிக்கினீங்க?"

"முடின்னுதான் சொன்னேன். தலை, தோளுன்னு பிரிச்சா சொன்னேன்?"

டாக்டர் வந்து பார்த்தார். "வதிலேயம்மா, விட்டுடு. ரத்தம் நல்லா ஓடுது, அதான் முளைக்குது" என்று நர்ஸைப் போகச் சொன்னார். அன்றிலிருந்து பவர்லூம் அதற்குத் தேங்காயெண்ணெய் கேட்க ஆரம்பித்தார்.

இருவரும் நடமாடத் தொடங்கியதும் திருமலைக்குப் போனோம். மொட்டையடித்தவர் தலையை முடித்து, "ஆச்சு" என்றார். பவர்லூம் நகரவில்லை. தன் சட்டையைக் கழற்றிவிடும்படி என்னிடம் சொன்னார்.

"இதுக்குமா வேண்டுதல்?" என்றார் மொட்டையடித்தவர், தோளைப் பார்த்து.

"இதுக்காகத்தாம்பா வேண்டுதலே."

அவர் தண்ணீர் தொட்டு, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல மெல்ல மழித்தார்.

சந்நிதியில் எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போயின. பவர்லூமின் கை காதுவரை வந்து நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போவல சார். போதும், சாமி கிட்டத்துலதான் கீறாரு."

தலைக்கு மேலிருந்த என் கைகளை அவர் காது உயரத்துக்கு இறக்கிக் கும்பிட்டேன்.