கல்வட்டத்தில் ஒரு பகல்

“இறங்கிப் பாத்துட்டு உடனே கிளம்பிடணும்” என்று நஜீமுதீன் சொல்லி முடிப்பதற்குள், காரின் பின்சக்கரம் கரிசல் சேற்றில் புதைந்தது.

மறுநாள் அவர் ஷார்ஜாவுக்குத் திரும்ப வேண்டும். லீவு முழுவதும் கல்யாணம், விருந்து என்றே போய்விட்டது. இன்று மதியமும் லெப்பைக்குடிக்காட்டில் நண்பர்கள் விருந்து வைத்திருந்தார்கள். பாடாலூர்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் கல்வட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது மனைவி ஜைனம்புவின் வெகுநாள் ஆசை. அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்.

ஆக்சிலரேட்டரை மிதித்தார். சக்கரம் இன்னும் இறங்கியது.

“நீ ஓட்டு, நான் தள்ளுறேன்.”

தள்ளினார். விருந்துக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை கரிசல் நிறமானது. கோபத்தில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பக்கத்திலிருந்த கல்லைப் புரட்டப் போனார்.

“ஏங்க, விடுங்க! அது ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு!”

பக்கத்து வயலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த புஷ்பவல்லி, டிராக்டர்காரர் பிச்சைமுத்துவின் நம்பரைத் தந்தாள். நஜீமுதீனின் கையெல்லாம் சேறு. ஜைனம்புதான் வரப்பில் ஏறி நின்று பேசினாள்.

“தூரமா போயிருக்காராம். சாயங்காலம் ஆயிடுமாம்.”

“விருந்து போச்சே!”

ஜைனம்பு வேப்பமரத்தடியில் டிபன் கேரியரைத் திறந்தாள். நெய்ச்சோறு மணத்தது. பத்து நிமிட வேலைக்கு எதற்குச் சோறு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பசி.

“வெறும் கல்லு. இதுல பாக்க என்ன இருக்கு?”

“கபுருங்க இது. யாரையோ அடக்கம் பண்ணிட்டு, சுத்தி இம்மாம் பெரிய கல்லையெல்லாம் இழுத்தாந்து வச்சிருக்காங்க. எத்தனை பேரு வேலையப் போட்டுட்டு வந்திருப்பாங்க!”

நஜீமுதீன் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“எங்கத்தா மவுத்தானப்ப அடக்கத்துக்குக்கூட நான் வரல. கடைசிவரைக்கும் நீதான் பாத்துக்கிட்ட. அதுக்கு ஒரு வார்த்தை உன்கிட்ட சொன்னதில்ல, ஜைனம்பு.”

அவள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சோறு ஆறுது, சாப்பிடுங்க.”

வெயில் சாயும்வரை பேசினார்கள். பேச அவ்வளவு இருந்தது. விருந்து அவருக்கு மறந்தே போனது.

டிராக்டர் வந்து ஒரே இழுப்பில் காரை வெளியே எடுத்தது. நஜீமுதீன் பிச்சைமுத்துவின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

“அல்ஹம்துலில்லாஹ்! எங்களுக்காக அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்களே தம்பி, ரொம்ப நன்றிங்க!”

பிச்சைமுத்து விழித்தார்.

“தூரமா? அந்தா தெரியுதே, அதான் பாய் நம்ம வூடு. காலையிலேருந்து சும்மாதான் படுத்துக் கெடந்தேன். போன்ல அக்காதான் பொழுது சாயறதுக்கு முன்னாடி வந்துடவே கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க!”