பைக்கை விற்காமல் விற்பது எப்படி

என் மோட்டார் சைக்கிளை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். எப்படி என்றால், அது கடைசிவரைக்கும் விலைபோகவே கூடாது, அப்படி ஒரு விற்பனை. இது என்ன குழப்பம் என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம். உயரமான பழைய ட்ரெயில் பைக். எனக்கு முன்னால் யார் யார் கையில் இருந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அப்புத்தளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம், முகத்தில் காற்று, மேகம் ரோட்டைக் குறுக்கே கடந்து போகும். அந்த இடத்தில் வண்டி பாடிக்கொண்டே மேட்டில் ஏறும்போது, நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற, முன்வழுக்கை விழுந்த வாத்தியார் என்பதே எனக்கு மறந்துபோகும். அடுத்த வளைவில் வண்டி நிற்கும். உடனே ஞாபகம் வந்துவிடும்.

பனிக்கு நிற்கும். மழைக்கு நிற்கும். நல்ல வெயிலில், யாருக்கும் காரணம் சொல்லாமல் நிற்கும். ஆனால் மறுபடி உதைத்ததும் ஒரு உறுமல் உறுமும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் மன்னிப்பேன். என் மனைவி குணமணி மன்னிக்க மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் அவளுடைய தங்கச்சி மகளுக்குச் சடங்கு. குணமணி மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தி, கொண்டையில் மல்லிகை வைத்து, பின்னால் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் மழை. வண்டி நின்றது. நான் குனிந்து பிளக்கைக் கழற்றுவதற்குள் அவள் ஒரு மரக்கறி லொறியை மறித்துவிட்டாள். முன்சீட்டில் ஏற்கெனவே ஆட்கள். அதனால் பின்னால், லீக்ஸ் மூட்டைகளுக்கு மேல் ஏறிப் போனாள். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. சடங்குப் போட்டோ எல்லாவற்றிலும் அவள் கொண்டையில் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் ஒரு லீக்ஸ் தாள் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குணமணி கத்தினால் காது மட்டும்தான் வலிக்கும். மெதுவாகப் பேசினால் ஏதோ நடக்கப்போகிறது.

"என்னங்க."

"சொல்லு குணமணி."

"அத வித்துருங்க."

"எத?"

"இந்த வீட்டுல ஒங்ககிட்ட இருக்கிறது நானும் அதுவும்தான். என்னைய யாரும் வாங்க மாட்டாங்க."

"சரி, வித்துருவோம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. கொஞ்சம் அழுதிருக்கலாம்.

ஆனால் எனக்குள் திட்டம் தயாராகியிருந்தது. உண்மையைப் பேசுவது! வாங்க வருகிறவரிடம் வண்டியின் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டால் எந்த மடையன் வாங்குவான்? பொய் சொல்லி விற்கிறவர்கள் நிறைந்த நாட்டில், உண்மை சொல்லி விற்காமல் இருக்கப்போகிறேன். பாவமும் இல்லை, பைக்கும் இருக்கும்.

குணமணியே வண்டியைப் படம் பிடித்து முகநூலில் போட்டாள். மறுநாளே வெலிமடையிலிருந்து முன்ஸிப் என்கிற மரக்கறி வியாபாரி வந்துவிட்டார். குணமணி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வண்டி எப்படி சேர்?" என்றார் முன்ஸிப்.

"நல்லா நிக்கும்."

"ஸ்டேண்டுலயா?"

"ரோட்டுல."

அவர் ஓர் அடி பின்வாங்கினார். நான் உற்சாகமாகத் தொடர்ந்தேன். பனியில் ஸ்டார்ட் ஆகாது. பள்ளத்தில் விழுந்தால் செயின் கழன்றுவிடும். இடது பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடிக்கும். முன்ஸிப் டயரை ஒரு உதை உதைத்து, "இது பழைய இரும்புக்குத்தான் சரி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

திட்டம் வெற்றி. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பழைய இரும்பு என்கிற வார்த்தை நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. யாரைப் பார்த்துப் பழைய இரும்பு என்கிறார்? ரோட்டு வரைக்கும் அவர் பின்னால் ஓடினேன். "இந்தாங்க, நில்லுங்க! செயின் கழண்டா ஒரு தேயிலக் குச்சியக் குடுத்துப் பின் சக்கரத்த ஒரு சுத்துச் சுத்தினாப் போதும், தானா ஏறிக்கும்! ஹோர்ன் வயருக்கு நடுவுல ஒரு அட்டத் துண்டு வச்சாச் சரியாப் போகும்! தெரியாமப் பேசாதீங்க!" அந்த நேரம் பார்த்து வந்த பஸ்ஸில் ஏறி அவர் தப்பித்துக்கொண்டார்.

திரும்பி வந்தால் குணமணி தேநீர்க் கோப்பையோடு வாசலில் நிற்கிறாள். தேங்காய் துருவுகிற சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க, ஆளக் காணோம்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

"நீங்க எதுக்கு அவரு பின்னால கையக் கைய ஆட்டிக்கிட்டு ஓடினீங்க?"

"பஸ் வர்ற பக்கத்தக் காட்டினேன்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள், வெகுநேரம் யாரோடோ பேசிவிட்டு வந்தாள். "சனிக்கிழம எல்ல டவுனுலருந்து ஒருத்தரு வர்றாராம்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவியின் சரியான விடைக்குத் தவறு போட்டுவிட்டு, அவள் அழுத பிறகு மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கவா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. துடைத்தால் விலைபோய்விடும். துடைக்காவிட்டால் மனசு கேட்காது. பாதியைத் துடைத்தேன்.

வந்தவர் பெயர் ஸமீம். வாட்டசாட்டமான இளைஞர். எல்லயில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர். வெள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குணமணி அரிசிச் சுளகை எடுத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவள் முன்னால் எப்படிக் குறை சொல்வது?

அவளே வழி விட்டாள். "எதையும் மறைக்காமச் சொல்லுங்க. பொய் சொல்லி விக்கக் கூடாது" என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

அப்பாவி! தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாளே என்று எனக்குக்கூடக் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

"தம்பி, பனி விழுந்தா இது ஸ்டார்ட் ஆகாது" என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு என்ன சேர் செய்யோணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. "பிளக்கக் கழட்டி அடுப்புக் கல்லுப் பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சுச் சூடாக்கணும். அப்புறம் ஒரே உதை" என்றேன்.

"சரி சேர். வேற?"

"மேட்டுல ரெண்டாம் கியர் நழுவும்."

"அதுக்கு என்ன செய்யோணும்?"

"இடது காலால கியர அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஏறணும். ரொம்ப அமுக்கினா மூணுக்குப் போயிரும். அது ஒரு பக்குவம் தம்பி."

"சில நேரம் சும்மாவே நிக்குமாமே?"

"நிக்கும். டேங்க் மூடியில காத்துப் போற ஓட்ட அடைச்சிருக்கும். மூடியத் தொறந்தா ஒரு பெருமூச்சு விடும் பாருங்க. மூடிட்டு உதைச்சாக் கெளம்பிரும். நிக்கிறதுக்கு முன்னால ரெண்டு தடவ இருமும், அத வச்சே கண்டுபிடிச்சிரலாம்."

என் வாயை யாராவது பொத்தியிருக்க வேண்டும். வண்டியைத் தாழ்த்திப் பேச வந்தவன், அதன் வைத்தியத்தை எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன். ஸமீம் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு ரசனையுள்ள பிள்ளை! வேறு எதற்காவது வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

"ஒருக்கா ஓட்டிப் பார்க்கட்டா சேர்?"

இதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். சாவி கொடுக்கிற சாக்கில் குனிந்து பெட்ரோல் டேப்பை மூடிவிட்டேன். காபரேட்டரில் இருக்கிற மிச்சப் பெட்ரோல் முனியாண்டி கோயில் வளைவு வரைக்கும்தான் வரும். அங்கே வண்டி நின்றுவிடும். தள்ளிக்கொண்டு வருகிறவன் எவனும் வாங்க மாட்டான்.

ஸமீம் உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது. என்னிடம் ஒருநாளும் இப்படிக் கிளம்பியதில்லை. சத்தம் இறக்கத்தில் இறங்கியது. கோயில் வளைவைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. "நில்லேன், தாயே, நில்லேன்" என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். வாழ்நாளில் முதல்முறையாக அது நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக அது நிற்கவில்லை. தொழிற்சாலை வரைக்கும் போய்த் திரும்பி, பாடிக்கொண்டே மேட்டில் ஏறி வந்து வாசலில் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டேப் தேய்ந்து ரொம்ப நாளாகிறது. மூடினாலும் பெட்ரோல் காபரேட்டருக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை மட்டும்தான் நான் சொல்ல மறந்திருந்தேன்.

பிறகு எல்லாம் சட்டுப்புட்டென்று முடிந்தது. பைக்குக்குப் பதிலாக அந்த வெள்ளை ஸ்கூட்டர் என்று குணமணியும் அவரும் பேசி முடித்தார்கள். குணமணிக்குத் தோட்டத்தின் அடுத்த டிவிசன் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நாள்தோறும் இறப்பர் செருப்போடு மேடேறி நடக்கிறாள். ஸ்கூட்டர் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? தலையாட்டினேன். ஸமீம் பைக்கில் ஏறினார். நான் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன். சத்தம் தேய்ந்துகொண்டே போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

திடீரென்று இருமல் கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகு சத்தமே இல்லை.

நின்றுவிட்டது! முனியாண்டி கோயில் வளைவில் நின்றுவிட்டது! என்னை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிட்டது! இனி அந்தப் பிள்ளை தள்ளிக்கொண்டு வந்து, "இது வேண்டாம் சேர்" என்று சாவியை நீட்டப்போகிறான். அதற்குள் என் போன் அடித்தது.

"சேர், ஸமீம் பேசுறன். இங்க வளைவுல நின்டுட்டு."

"அடடா! அப்படித்தான் தம்பி இது. நான்தான் சொன்னேனே. பரவாயில்ல, வண்டியத் திருப்பிக் கொண்டு வந்துட்டு ஒங்க ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஏன் சேர்? நின்டா நீங்க வருவீங்கன்டு அக்கா சொன்னாங்களே!"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினேன். குணமணி ஸ்கூட்டரில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னா குணமணி இது?"

"வண்டிய மட்டும் குடுத்தா யாரு வாங்குவா? ஒங்களையும் சேத்துத்தான் பேசினேன்."

"என்னையுமா?"

"எங்க நின்னாலும் போன் பண்ணுவாரு. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸப் புடிச்சுப் போயி சரிபண்ணிக் குடுத்துட்டு வாங்க. ஒவ்வொண்ணுக்கும் என்னா செய்யணும்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னதே நான்தான். வாங்குறவரு ஆளையும் ஓட்டிப் பாக்கணுமில்ல?"

"இத எப்ப முடிவு பண்ணின?"

"மரக்கறிக்காரரு பின்னால வைத்தியம் சொல்லிக்கிட்டு ஓடினீங்களே, அன்னிக்கே."

"சரிபண்ணின பொறகு கொஞ்ச தூரம் ஓட்டியாச்சும் பாக்கலாமா?" என்றேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"அது எதுக்கு? ஓட்டுறதுக்கு வெள்ளக்காரங்க இருக்காங்க."

"அப்ப எனக்கு என்னாதான் மிச்சம்?"

அவள் பிளக் கழற்றுகிற சாவியை என் கையில் வைத்தாள். குரலைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னாள்:

"ஓடுனா அவங்களுது, நின்னா ஒங்களுது. இதுல ஒங்களுக்கு என்னா நட்டம்? இத்தன வருசமும் அது ஒங்ககிட்ட நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"