தானாக வந்த மாப்பிள்ளை

ஒரு வண்டி கிளம்பாவிட்டால், நம் ஊரில் முதலில் கிளம்புவது யோசனைகள்தான். பேனட்டைத் திறந்தால் போதும், தெருவில் போகிற அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். அன்றைக்குத் திருவண்ணாமலை மாட வீதியில் கூடிய மெக்கானிக்குகளில் மிகவும் ஆபத்தானவன் நான். ஏனென்றால் ஸ்க்ரூ டிரைவர் என் கையில் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். என் தங்கை சாந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர்க்காரர். நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) விளைகிற நிலம், சொந்த டிராக்டர் என்று வசதியான குடும்பம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பிடிக்கலாம் என்றார் அப்பா.

"எதுக்குப்பா? நம்ம ஜீப்பு இருக்குது. மாப்ளைய ராஜா மாதிரி கொண்டாந்து எறக்குறேன்" என்றேன்.

நம்ம ஜீப் என்பது பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்தது. மேல்கூரை கிடையாது. காடு மேடெல்லாம் மூட்டை ஏற்றி ஓடிய வண்டி. ஹேண்ட் பிரேக் பிடிக்காது, மற்றபடி சிங்கம். அதன் நோய்நொடி எல்லாம் எனக்கு அத்துப்படி. (ஒர்க்‌ஷாப் வாசலில் டீ குடித்தே தொழில் கற்றவன் நான்.)

அலங்காரமும் என் பொறுப்புதான். சாமந்தி மாலை, வண்டியைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பல்புகள், முன்னால் ஒரு புனல் ஸ்பீக்கர், ஸீட்டில் டேப் ரெக்கார்டர். எல்லாவற்றுக்கும் கரண்ட், ஜீப்பின் பேட்டரியிலிருந்து. ஒயரிங் அடியேன்.

பிள்ளையார் கோயிலில் பூஜை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. நாயனக்காரர்களின் நடைக்கு ஏற்ப ஜீப் ஊர்ந்தது. மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில், லேசான இறக்கத்தில், இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி 'டிக்'.

என் சிநேகிதர்கள் தள்ளுவதற்குத் தோள் கொடுக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாப்பா இது? எங்க பையன் தள்ளுவண்டியிலயா வந்து எறங்கணும்? நல்ல நேரம் முடியறதுக்குள்ள நிச்சயதார்த்த ஓலை படிக்கணும். வண்டி தானா ஓடணும். இல்லன்னா இப்பிடியே ஊருக்குத் திரும்பிடுவோம்."

அப்பா முகம் வெளுத்துவிட்டது. சாந்தி மண்டபத்தில் பட்டுப்புடவையோடு காத்திருந்தாள். என் வாய்ச்சவடாலால் அவள் கல்யாணம் நடுத்தெருவில் நின்றது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"சின்ன ரிப்பேரு மாமா. அஞ்சே நிமிஷம்."

வண்டி உருளாமல் இருக்கக் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் பேனட்டைத் திறந்தேன். கூட்டத்துக்குச் சலிப்புத் தட்டக்கூடாதே என்று பாட்டைச் சத்தமாக வைத்தேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். எர்த் ஒயரை முறுக்கினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் விளக்கவுரை வேறு. "கார்பன் பிரஷ் ஒட்டிக்கிச்சு" என்பேன். அடுத்த நிமிடமே, "சேச்சே, சோலனாய்டுதான்" என்று என்னையே மறுப்பேன். சோலனாய்டு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

இதற்கிடையில் பல்புகள் மங்கிக்கொண்டே வந்தன. ஸ்பீக்கரில் பாடிய பெண் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆண் குரலாகி, கடைசியில் எருமை முனகுவதுபோல் ஆகிவிட்டது. நான் தலை நிமிரவில்லை. "டேப்பு பழசு" என்றேன்.

சூட்டும் மாலையுமாகப் பின் ஸீட்டில் இருந்த மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மச்சான், மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க. லைட்டயும் கழட்டுங்க. பேட்டரி பாவம்."

வீதியே சிரித்தது. பாட்டையும் விளக்கையும் நிறுத்தினேன். ஆனால் பேட்டரிதான் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் எதையோ துடைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "பேட்டரி இல்ல மாப்ள, சோலனாய்டுதான். இப்பப் பாருங்க" என்று, சாவி போட்டது போட்டபடி இருக்க, கரண்ட் நேராக ஸ்டார்ட்டருக்குப் பாயும்படி ஸ்க்ரூ டிரைவரைச் சோலனாய்டின் இரண்டு தடித்த முனைகளுக்கும் குறுக்கே வைத்தேன்.

தீப்பொறி பறந்தது. இஞ்சின் உறுமியது. வண்டி கியரில் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜீப் ஒரு துள்ளு துள்ளி ஓட்டம் பிடித்தது. டிரைவர் ஸீட் காலி. நாயனக்காரர்கள் ஒரு பக்கமும் பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்கள் இன்னொரு பக்கமும் சிதறினார்கள். "மாப்ள, பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு பின்னால் ஓடினேன். மாப்பிள்ளை மாலையோடு முன் ஸீட்டுக்குத் தாவினார். திறந்து கிடந்த பேனட் வழியை மறைக்க, தலையை வெளியே நீட்டியபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. இங்கே நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பது அவருக்குத் தெரியும். மண்டப வாசலில்தான் பிரேக்கை மிதித்தார்.

ஆரத்தித் தட்டில் அதுவரை கற்பூரம்கூட ஏற்றியிருக்கவில்லை. வாசலில் நின்ற பெண்கள் ஊர்வலம் எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள். அது பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது. என் பின்னாலேயே முதலில் வந்து சேர்ந்தவர் தாய்மாமன். மூச்சு வாங்க என்னை முறைத்தார்.

"தானா ஓடணும்னு நீங்கதான மாமா சொன்னீங்க?" என்றேன். அவர் சிரித்துத் தொலைத்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

நல்ல நேரத்திலேயே நிச்சயம் படித்தார்கள். இப்போது சாந்திக்கும் மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் சண்டை வந்து, "உன்னக் கட்டிக்கிட்டு நான் படற பாடு" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தால் சாந்தி விடமாட்டாள்.

"ஒங்கள யாரு அழைச்சாங்க? எங்க அண்ணன் பாதியிலயே உட்டுட்டாரு. நீங்களாதான வண்டிய ஓட்டிக்கினு வந்தீங்க?"

அவர் உடனே அடங்கி என் பக்கம் திரும்புவார். "இப்பவாச்சும் சொல்லுங்க மச்சான், பேட்டரிதான?"

"சோலனாய்டுதான் மாப்ள" என்பேன்.