சாயக்கூடாத சுவர்

ஒரு காட்டில், அதுவும் சிங்கத்தைப் பார்க்கக்கூட டோக்கன் வாங்க வேண்டியிருந்த காட்டில், வடிவாம்பாள் என்றொரு எறும்புத்தின்னி இருந்தாள். நாலு கம்பம் நட்டுக் கூரை போட்ட மண்சுவர் வீடு, அதிகம் வாய் திறக்காத புருஷன், கல்யாண வயதில் செண்பகா என்று ஒரு மகள். அந்த மண்சுவரில் கறையான் பிடித்திருந்தது.

எறும்புத்தின்னி வீட்டில் கறையானா என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் சுவரில் ஒரு கோடு தெரிந்தால் போதும், குடும்பமே நாக்கை நீட்டிக்கொண்டு போய் நிற்கும். வறுத்த கறையான் பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகு சுவரை நக்க யாருக்கும் மனசு வரவில்லை. பாக்கெட்டில் மிளகுத்தூள் வேறு போட்டிருந்தார்கள்.

முதலில் செண்பகாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாயசத்தைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். "இந்த வீட்லயே கறையான் ஓடுதுன்னா, பொண்ண என்ன லட்சணத்துல வளர்த்திருப்பாங்க?" என்று வாசலில் நின்று எல்லார் காதிலும் விழப் பேசிவிட்டுப் போனார்கள். செண்பகா அன்று சாப்பிடவில்லை. இன்னொரு வரனும் இப்படிப் போனால் மகள் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று வடிவாம்பாள் பயந்தாள்.

அதனால் அடுத்த வரன் வருவதாகத் தகவல் வந்ததும் வால்பேப்பர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஒரு பச்சோந்தி. அவரிடம் மாதிரிப் புத்தகம் கிடையாது, அவரே மாதிரிப் புத்தகம்.

"பூப்போட்டது இருக்கா அண்ணே?"

அவர் உடம்பெல்லாம் ரோஜா பூத்தது.

"கலர் ரொம்ப அடிக்குதே."

"லைட்டா இருக்கு, பாருங்க" என்று வெளுத்துக் காட்டினார். அப்புறம் செங்கலானார், கோடு கோடாக ஆனார். கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்து, முதுகில் ஒரு அடர்ந்த காட்டைக் கொண்டுவந்தார். மரம், அருவி, மான். இவர்கள் இருந்த காட்டில் அப்படி ஒரு இடமே கிடையாது. வடிவாம்பாள் சொக்கிப்போனாள்.

"இதுக்கு மருந்து அடிச்சிருக்குக்கா, கறையான் தொடாது. ஆனா ஒட்டுறதுக்கு முன்னால சுவர நல்லா சுரண்டிடணும். கறையான் இருந்தா ஒழிச்சிட்டு, காயவிட்டு, அப்புறம் ஒட்டுங்க. மேலேருந்து கீழ துணியால நீவிக்கிட்டே வாங்க, உள்ள காத்து நிக்கக் கூடாது. ஈரத்துணி படவே கூடாது."

"சுரண்டலேன்னா?"

"யாருதான் சுரண்டுறாங்க? சொல்ல வேண்டியது என் கடமை."

அவளும் சுரண்டவில்லை. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும் என்று பசையைத் தடவி ஒட்டினாள். ஜன்னல் மேலேயும் ஒட்டினாள், வெளியே தெரிந்த காடு உள்ளே இருந்த காட்டோடு பொருந்தவில்லை என்பதால். புருஷன் பிடித்த தாள் ஒரு சாண் இறங்கிவிட்டது.

"மானுக்குக் கழுத்தக் காணோமே" என்றார் அவர்.

"அது டிசைன்" என்றாள்.

அன்றிலிருந்து சுவரில் சாயத் தடை. ஊதுபத்தி கிடையாது, ஆணி கிடையாது. செண்பகா தும்முவதற்குக்கூட வாசலுக்குப் போனாள். காகிதத்துக்குப் பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டபோது, அருவிச் சத்தம் என்று வடிவாம்பாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள்.

பிறகு சத்தம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள், புருஷன் தடையை மறந்து, காலண்டர் மாட்ட ஒரு ஆணியை வைத்துத் தட்டினார். ஆணி காகிதத்தைத் துளைத்துக்கொண்டு போய் வெளியே முற்றத்தில் விழுந்தது. போய்ப் பார்த்தார். சுவரைத் தின்று முடித்த கறையான், வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருந்தது. கூரைக்கும் தரைக்கும் நடுவில் காகிதம் மட்டும் நின்றது.

"வடிவு, சுவரே இல்லடி."

"மூச்சு விடாதீங்க. ஒரு நாள் தாங்கினா போதும்" என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். பாயசத்தைத் தொடவில்லை. எழுந்து நேராகச் சுவரிடம் போய், மானைத் தொட்டுப் பார்க்க நகத்தை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வெளியே காற்று அடித்தது. மரம், அருவி, மான் எல்லாம் ஒரு தடவை உப்பி அடங்கின.

வடிவாம்பாளுக்கு உயிரே போய்விட்டது. செண்பகா தலை குனிந்து நின்றாள்.

அந்த அம்மாள் நகத்தை மெல்ல மடக்கிக்கொண்டாள். "எங்க வீட்லயும் இதே டிசைன்தான்" என்றாள்.

வடிவாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "மானுக்குக் கழுத்து இருக்கா?"

"இல்ல. எங்க வீட்டுக்காரர்தான் ஒட்டினார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா உழைக்குதா?" என்று கேட்டாள்.

"சாயாம இருந்தா உழைக்கும்."

"நாங்களும் சாயறதில்ல. பையனையும் அப்படித்தான் வளர்த்திருக்கோம்."

உட்கார்ந்து பாயசத்தைக் குடித்தாள். அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள். வடிவாம்பாள் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தாள். அவ்வளவு நிம்மதி.

கல்யாணம் முடிந்து புறப்படும்போது மகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "புருஷன் மேல சாஞ்சுக்கோ, மாமியார் மேலகூட சாஞ்சுக்கோ. அந்த வீட்டுச் சுவர்ல மட்டும் சாஞ்சிடாத கண்ணு."

நீதி: சித்திரம் அமைந்துவிட்டால் சுவர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வந்தவர் வீட்டிலும் சுவர் இல்லை.