வாழ்நாள் சிறுவர்

மனிதகுலம் கண்டெடுத்தவற்றுள் நெருப்பு, சக்கரம், 'படம்' ஆகிய மூன்றுமே தலையாயவை என்று படம் போற்றும் சங்கத்தின் முதல் தீர்மானம் அறிவிக்கிறது. சக்கரத்தைச் சேர்த்தது கொஞ்சம் அதிகப்படி என்று ஒரு உறுப்பினர் ஆட்சேபித்தாராம். சங்கம் பெருந்தன்மையோடு சக்கரத்தை இருக்கவிட்டது.

எந்தப் படம் என்று கேட்பவருக்குச் சங்கத்தில் இடமில்லை. ஊரில் ஆயிரம் படம் வந்து போயிருக்கலாம்; 'படம்' ஒன்றுதான். படகோட்டி ஒருவரின் பன்னிரண்டு வயது மகன் ஒரே கோடை விடுமுறையில் பெரியவனாகிற கதை. கடைசிக் காட்சியில், நடு ஆற்றில், அந்தப் பையன் எழுந்து நின்று, "இனிமே நான் சின்னப் பையன் இல்லப்பா" என்கிறான். அப்பா பதில் பேசுவதில்லை. துடுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, படகின் முன்பக்கம் போய்ப் பயணியைப்போல உட்கார்ந்துகொள்கிறார். அந்த இடத்தில் அழாதவர் சங்கத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு பொருளாளர் ஒரு வருடம் அழாமல் இருந்துவிட்டார். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்திருந்ததாக அவர் சொன்ன விளக்கம் ஏற்கப்படவில்லை. இப்போது வேறு பொருளாளர்.

அந்தப் பையன் இன்றைக்கும் இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. முன்மண்டை வழுக்கை, இடது முட்டியில் தேய்மானம். மாநகரத் தெருவிளக்குத் துறையில் உதவியாளர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றாலும், படத்தில் கூப்பிட்ட 'பொடிசு'தான் அலுவலகத்திலும் தெருவிலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்றால் சாதாரணமாக இல்லை, புதுச்சட்டையில் தார் மாதிரி.

தெருவிளக்குத் துறையின் மேலாளரும் சங்கத்தின் தலைவரும் ஒருவரே. இதைப் பொடிசின் அதிர்ஷ்டம் என்று உறவினர்கள் நினைத்தார்கள். பொடிசும் நினைத்தார். ஆறு வருடமாகக் காலியாக இருந்த பிரிவுத் தலைவர் நாற்காலிக்கு அவரைவிட்டால் மூத்தவர் அங்கே கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மேலாளர் அறைக்குள் போய் நின்று கேட்பார்.

"டேய் பொடிசு, உன்னைக் கொண்டுபோய் ஒரு ரூமுக்குள்ள அடைச்சு, கையெழுத்துப் போட வைக்கிறதா? கலைக்குச் செய்யற துரோகம்டா அது."

"முட்டி வலிக்குது சார். கம்பம் கம்பமா நடந்து பார்க்க முடியல."

"படத்துல கரையோரமா ஓடுவியே, அந்த முட்டியா? அது வலிக்காதுடா!"

மேலாளர் அந்த முட்டியை மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கண் கலங்குவார். கலங்கிய கண்ணோடு இருப்பவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? பொடிசு வெளியே வந்துவிடுவார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தியேட்டர் உரிமையாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வருடாவருடம் படத்தைத் திரையிட அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுப்பது. "இந்தக் காலத்துப் பசங்க இதைப் பார்ப்பாங்களா சார்? அவங்களுக்கும் பிடிக்கும்னு காட்டுங்க, அடுத்த வருஷமும் தரேன். இல்லைன்னா விடுங்க" என்றார்.

சங்கம் கொதித்தது. கொதித்து அடங்கியதும், 'செல்லுபடியாகும் தன்மை ஆய்வுக்குழு' ஒன்றை அமைத்தது. படம் செல்லுபடியாகும் என்பதை முதலில் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு, பிறகு அதை ஆராய்வது என்று முடிவாயிற்று. ஆய்வுக்கு 'இக்காலப் பார்வையாளர்' தேவை. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், படத்தைப் பார்த்திருக்கக் கூடாது. உறுப்பினர்கள் தத்தம் வீட்டிலிருந்து ஆளுக்கொருவரை அழைத்து வரவேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. பெற்ற பிள்ளைகள் பலருக்கும் அன்றைக்குப் பார்த்து வயிற்று வலி வந்தது. தேறியது மூன்று பேர்: செயலாளரின் அக்கா மகன், தலைவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு கல்லூரி மாணவன், பொடிசின் மகள்.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் 'பாப்பா'.

அன்று காலையில் பொடிசின் மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னிக்காவது வாயைத் தொறந்து கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்டா அந்த மனுஷனால தட்ட முடியாது."

"கேட்கத்தான் போறேன். பயந்துக்கிட்டே இருந்தா ஆகுமா?" என்று பொடிசு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடியில் இருந்தவர் அவ்வளவாக நம்பவில்லை.

மகள் ஸ்கூட்டர் அருகில் காத்திருந்தாள். "அப்பா, நான் ஓட்டட்டுமா? உங்களுக்கு முட்டி வலிக்குமே. லைசென்ஸ் எடுத்து மூணு வருஷமாச்சு."

"பின்னாடி உக்காரு பாப்பா. ட்ராஃபிக்கா இருக்கு."

தெருவில் ஒரு பூனை குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்து பொடிசு வண்டியை எடுத்தார்.

"அப்பா, அந்த மருந்து ஆய்வுக்கூட வேலை. நாளைக்குள்ள பதில் சொல்லணும். அங்க ஹாஸ்டல்கூடப் பார்த்துட்டேன்."

"அவ்வளவு தூரம் தனியாவா? அப்புறம் பேசலாம் பாப்பா. இப்ப மனசு பூரா அந்த நாற்காலிதான். அம்பத்திரண்டு வயசுல ஒரு மனுஷனைப் பொடிசு பொடிசுன்னா எப்படியிருக்கும், சொல்லு?"

"கஷ்டமாத்தான்ப்பா இருக்கும்" என்றாள் மகள், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு.

தியேட்டரில் ஆய்வு மிகுந்த விஞ்ஞான முறையில் நடந்தது. மூன்று இக்காலப் பார்வையாளர்களும் நடுவரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய முகபாவங்களைக் கவனிக்க, சங்கத்தின் மூத்த உறுப்பினரான பல் டாக்டர், திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு அமர்ந்தார். படத்தைப் பாராமல் வசனத்தை மட்டும் கேட்டே அவர் இரண்டு கைக்குட்டைகளை நனைத்தார். தியாகம் என்றால் அதுதான். கடைசிக் காட்சி வந்ததும் அரங்கமே பையனோடு சேர்ந்து வாய்விட்டுச் சொன்னது: "இனிமே நான் சின்னப் பையன் இல்லப்பா!" அறுபது எழுபது வயதுக் குரல்கள் அப்படிச் சொல்வதைக் கேட்க உண்மையிலேயே நெஞ்சை அடைத்தது.

விளக்குப் போட்டதும் விவாதம். தலைவர் மேடையில் அமர்ந்தார். பொடிசு வழக்கம்போல் மேடை ஓரமாக நின்றார். அவருக்கு நாற்காலி போடுவதில்லை. உட்கார்ந்தால் அந்தப் பையன் மாதிரித் தெரியாது என்பது சங்கத்தின் அனுபவம்.

பல் டாக்டர் முதலில் அறிக்கை படித்தார். "இக்காலப் பார்வையாளர் மூவரும் படம் முழுக்க வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். வியப்பு. ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது. அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்."

"உன் கருத்தைச் சொல்லு தம்பி" என்றார் தலைவர் செயலாளரின் அக்கா மகனிடம்.

"நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா அந்தப் பையன் ஏன் லைஃப் ஜாக்கெட் போடல?"

அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. லைஃப் ஜாக்கெட் இல்லாமையே அக்காலத்து மனிதனின் தனிமைக்குக் குறியீடு என்றார் ஒருவர். அப்போது பட்ஜெட் இல்லை என்றார் இன்னொருவர். இதற்கென்று ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. மாடிவீட்டு மாணவன் தனக்குக் கருத்து எதுவும் இல்லை, வாடகையை ஏற்றிவிடாமல் இருந்தால் படம் மிகவும் நன்றாக இருந்தது என்றான். அது ஒருமனதாகப் பதிவு செய்யப்பட்டது.

பொடிசின் மகள் எழுந்தாள். "அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?"

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

"அப்புறம்னு ஒண்ணும் இல்லம்மா. படம் அங்கேயே முடிஞ்சுடுச்சு" என்றார் தலைவர்.

"வளர்ந்திருப்பான் இல்லையா?"

"அதான் படத்துலயே வளர்ந்துட்டானேம்மா! இன்னும் எதுக்கு வளரணும்?"

கைதட்டல். மகள் உட்காரவில்லை. மேடை ஓரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பொடிசுக்கு அந்தப் பார்வை உள்ளே எங்கோ போய்த் தைத்தது. கேட்டால் இப்போது கேட்க வேண்டும், இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. தேய்ந்த முட்டியோடு நடுமேடைக்கு வந்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடா பொடிசு."

"ஆறு வருஷமா அந்த நாற்காலி காலியா இருக்கு சார். முப்பது வருஷமா வேலை பார்க்கறேன். எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. என்னைப் பொடிசுன்னு கூப்பிடாதீங்க சார். இனிமே..." வேறு வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. "இனிமே நான் சின்னப் பையன் இல்ல சார்."

அடுத்த கணம் தியேட்டர் கூரை பிய்ந்துகொண்டு போயிற்று. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல் டாக்டர் மூன்றாவது கைக்குட்டையை இரவல் வாங்கினார்.

"அதே குரல்டா! அதே நடுக்கம்!" தலைவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "'அப்பா'வுக்குப் பதிலா 'சார்'னு மாத்தினியே, என்ன ஒரு கற்பனை! கல்யாண வயசுல பொண்ணு, அது பிரமாதம்!"

"சார், நான் நடிக்கல. நிஜமாவே சொல்றேன்."

"நிஜம் மாதிரியேதான்டா இருக்கு!"

"ஒன்ஸ் மோர்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று அரங்கம் முழுக்க.

பொடிசு கோபமாகத்தான் மறுபடி சொன்னார். கோபம் இன்னும் எடுபட்டது. மூன்றாம் முறை கேட்டார்கள். மூன்றாம் முறை, அவரை அறியாமலே தோள் கொஞ்சம் குறுகியது, தலை சாய்ந்தது, கை இல்லாத துடுப்புக்காக நீண்டது. பன்னிரண்டு வயதுக் குரல் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. நன்றாகவே சொன்னார். கைதட்டலும் நன்றாகவே இருந்தது. அதை மறைப்பானேன், அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சங்கம் உடனே அவசரத் தீர்மானம் போட்டு, வேறு யாருக்கோ வைத்திருந்த கேடயத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, அவருக்கு 'வாழ்நாள் சிறுவர்' விருது வழங்கியது.

"நாற்காலி..." என்றார் பொடிசு, கேடயத்தை வாங்கிக்கொண்டு.

"அது எங்கடா ஓடிப்போகப் போகுது? நீ சந்தோஷமா இரு" என்று தலைவர் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். வழுக்கையில் கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்கூட்டர் அருகில் மகள் நின்றிருந்தாள். பொடிசு கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். "கேட்டேன் பாப்பா. எவனும் காதுல வாங்கல. ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துப் பேசறான், இவங்களுக்கு அது வேடிக்கை" என்றார். பிறகு, "மூணாவது தடவை எப்படி இருந்துச்சு?" என்றும் கேட்டார்.

மகள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்கப்பா. நான் ஓட்டறேன்."

அவர் சிரித்தார்.

"அந்த வேலைக்கு வரேன்னு சொல்லப் போறேன். கேட்கல, சொல்றேன். நீங்க சரின்னு சொல்லிட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும்." அவள் உதடு துடித்தது. "இனிமே நான் சின்னப் பொண்ணு இல்லப்பா."

பொடிசு அப்படியே நின்றுவிட்டார். அதே இடைவெளி. அதே நடுக்கம். 'இல்லப்பா'வில் அதே இறக்கம். அவருக்குக் கண் நிறைந்தது. கேடயத்தை ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் படபடவென்று தட்டினார்.

"அடி சக்கை! அப்படியே என்னை மாதிரியே சொல்றியே பாப்பா! ஒன்ஸ் மோர்!"

மகள் இரண்டாம் முறை சொல்லவில்லை. பொடிசு சிறிது நேரம் ஆசையோடு காத்திருந்து பார்த்தார். பிறகு சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஏறு பாப்பா, ட்ராஃபிக் ஆகிடும். கேடயத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

இக்காலப் பார்வையாளருக்கும் படம் முழுமையாகச் செல்லுபடியாகும் என்று ஆய்வுக்குழு அறிக்கை கொடுத்துவிட்டது. தியேட்டர் உரிமையாளரும் அடுத்த வருடத்துக்கு இடம் தந்துவிட்டார். அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அந்தப் படம் பழசாகவே இல்லை. பழசாக நாம் விட்டால்தானே!