மாமனார் கேட்ட ஆடும் நான் நிரப்பிய பாரமும்

எனக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் மலாயில் ஏ வாங்கியவன்தான். ஆனால் தேர்வில் யாரும் என்னிடம் ஆடு கேட்கவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். கிள்ளான் பக்கம் காப்பாரில் இருக்கும் என் மாமனார், முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றோரமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் என்னதான் செய்கிறேன் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை (எனக்கே பாதிதான் விளங்கும்). ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டார்.

"மாப்ள, கவர்மெண்ட்ல ஆடு குடுக்கறாங்களாம். வளக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க போயி கேக்கறதுன்னுதான் தெரியல."

"அதெல்லாம் ஆன்லைன்ல இருக்கு மாமா. நான் பாத்துக்கறேன்."

உடனே மாமியார் என் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

விவசாயிகளுக்கான உதவித் திட்டங்களை எழுதுகிறவர்கள் ஒரு விவசாயியையாவது நேரில் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஒரு இணையப் பக்கம் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பியது. அது ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணில் பேசியவர் முதல் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். பட்டம் வாங்கிய எனக்கே நாலு நாள் ஆனது என்றால், லோரி ஓட்டியவர் எங்கே போவார்?

கடைசியில் ஒரு விண்ணப்பப் பாரம் அகப்பட்டது. தலைப்பில் 'பெமுலிஹாராஆன்' என்று இருந்தது. ஆகா, வளர்ப்பு, ஆடு வளர்ப்பு என்று நிரப்ப ஆரம்பித்தேன். உள்ளே ஆடு என்ற சொல்லே இல்லை. ஆற்றங்கரை எத்தனை மீட்டர் நீளம் என்று கேட்டிருந்தார்கள். ஆடு தண்ணீர் குடிக்க வேண்டாமா என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அனுமதிக் கடிதம் வந்தது. மாமா தானே ஆணி அடித்துக் கொட்டகை கட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தபடியே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மருமகனின் பெருமையைப் பேசினார்.

சொன்ன நாளில் லோரி வந்தது. கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு முன்னால் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். மாமா புதுச் சட்டையில், கையில் கயிற்றோடு. பின்கதவு திறந்தது. உள்ளே வரிசை வரிசையாக மரக்கன்றுகள்.

"கம்பிங் எங்கே?" என்று மலாயில் கேட்டபடி மாமா ஆட்டைத் தேடி எட்டிப் பார்த்தார்.

இறங்கி வந்த அதிகாரி பதறிவிட்டார். "கம்பிங் கூடவே கூடாது பாக்சிக். ஆடு கன்றையெல்லாம் தின்றுவிடும். இது ஆற்றங்கரையைப் பாதுகாக்கும் திட்டம். நீங்கள்தானே மனுப் போட்டீர்கள்?"

விஷயம் இதுதான். 'பெமெலிஹாராஆன்' என்றால் வளர்ப்பு. 'பெமுலிஹாராஆன்' என்றால் இயற்கைப் பாதுகாப்பு. 'மெ' போட்டால் ஆடு, 'மு' போட்டால் மரம்.

"ஆடே 'மே'ன்னுதான மச்சான் கத்தும்," என்றான் என் மைத்துனன். "அத வச்சாவது கண்டுபிடிச்சிருக்கலாம் லா."

ஏற்றிய சூடம் வீணாகக் கூடாது என்று மாமியார் கன்றுகளுக்கே ஆரத்தி எடுத்து, முதல் தொட்டிக்குக் குங்குமமும் வைத்தார். சொந்தக்காரர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. மாமா மட்டும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கயிற்றைச் சுருட்டிக் கொட்டகையில் மாட்டிவிட்டு, பிடித்த இடுப்போடு கன்றுகளை இறக்க ஆரம்பித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அந்தத் தீபாவளிக்கு எல்லார் இலையிலும் மட்டன் பிரட்டல் விழுந்தது. என் இலைக்கு மட்டும் மாமாவே கரண்டியோடு வந்து கீரையை வைத்தார். "மாப்ளைக்கு ஆட்டுக்கறி," என்றார். சிரிப்பில் வீடே அதிர்ந்தது. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் முதலில் கீரை, பிறகுதான் கறி.

போன மாதம் பாலர் பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க மக கீரைப் படத்தக் காட்டினா ஆட்டுக்கறின்னு சொல்றா சார். திருத்தினா அழுவுறா."

மகளையும் கூட்டிக்கொண்டு காப்பாருக்கே போய் மாமாவிடம் சண்டை பிடித்தேன். அவர் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"புள்ள சொல்றதுல என்ன தப்பு? அவங்கப்பாவே கவர்மெண்டுக்கு அப்படித்தான எழுதிக் குடுத்தாரு."